ஆயி வீட்டுப் புதன்கிழமை

வாசகர் கேள்வி-பதில்

பல்கலைக்கழக மாணவர் விடுதி ஒன்றின் அலுவலகத்தில் 23 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். போன இதழில், சீனாவிலிருந்து இங்கே சிங்கப்பூருக்குப் படிக்க வரும் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சோடு பேச்சாக நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், நம் வீட்டு அறைகளிலும் நம் பிள்ளைகளின் வகுப்புகளிலும் நம் கடை வாசலிலும் அவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிகிறது. எனவே இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்விகளுக்கே.

கேள்வி: கிளமெண்டியில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஓர் அறையை செங்டு நகரிலிருந்து வந்த மாணவிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். முதுநிலை படிக்கிறாள். ஆகஸ்டில் வந்தாள், இரண்டு மாதம் ஆகிறது. காலையில் போவாள், இரவு வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். "ஏதாவது வேண்டுமென்றால் கேளம்மா" என்று முதல் நாளே சொன்னேன். இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை. சமையலறைக்கு வருவது வெந்நீர் பிடிக்க மட்டும்தான். என் மகள் வயதுப் பெண். எங்களைப் பிடிக்கவில்லையோ என்று மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. (ஒரு வாசகி, கிளமெண்டி)

பதில்: பிடிக்காமல் இல்லை, சகோதரி. நீங்கள் அன்பாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் சிக்கல் இருக்கிறது. "வேண்டுமென்றால் கேள்" என்பதற்கு அவள் வளர்ந்த வீட்டில் சரியான பதில் "வேண்டாம்" என்பதுதான். "பூயோங்" என்பார்கள், தேவையில்லை என்று அர்த்தம். ஒரு தடவை கேட்டால் பூயோங். இன்னொரு தடவை கேட்டாலும் பூயோங். மூன்றாம் தடவை தட்டைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். நம் வீட்டுக்கு வருகிற விருந்தாளியும் "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தானே பந்தியில் உட்காருகிறார். பசிக்கிறது என்று எடுத்தவுடன் சொல்ல நமக்கும் வராது.

அதற்குப் பின்னால் இன்னொரு காரணம் உண்டு. இது எனக்குப் புரியவே பல வருடம் பிடித்தது. சீனாவில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்தில் சேர்ந்த உடனே அதற்கு ஒரு "பான்" கிடைத்துவிடும். பான் என்றால் வகுப்பு. முப்பது, நாற்பது பேர், படிப்பு முடியும்வரை பெரும்பாலும் அதே முகங்கள். வகுப்புக்கு ஒரு தலைவன், "பான்ஜாங்". அதற்கு மேல் "ஃபூதாவ்யுவான்" என்று ஒருவர். 200 மாணவருக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அங்கே அரசாங்க விதி. காய்ச்சல், உதவித்தொகைப் படிவம், அறையில் சண்டை எல்லாம் அவரிடம்தான் போகும். விடுதி அறையில் நாலு பேர், ஆறு பேர். பல இடங்களில் இரவு 11 மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். அங்கே யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. எந்தச் செய்தியும் யாராவது ஒருவர் வாய் வழியாகக் காதுக்கு வந்துவிடும்.

இங்கே? பாடத்தை நீயே தேர்ந்தெடு, அட்டவணையை நீயே போட்டுக்கொள், மின்னஞ்சலை நீயே படி. ஒவ்வொரு வகுப்பிலும் வேறு வேறு ஆட்கள். முதுநிலை என்றால் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வருடப் படிப்பு. ஒரு முகம் பழகுவதற்குள் பருவம் முடிந்துவிடும். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இப்போது அந்த பானும் இல்லை, அந்த ஃபூதாவ்யுவானும் இல்லை. இரண்டு மாதமாக அவளிடம் யாரும் எதுவும் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன். ஒரு நீண்ட வார இறுதி. விடுதியில் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். துப்புரவு செய்யும் ஆண்ட்டி ஓடிவந்து, ஓர் அறை வாசலில் இரண்டு நாளாகக் குப்பைப் பை இல்லை, ஆனால் உள்ளே ஆள் இருக்கிற சத்தம் கேட்கிறது என்றார். போய்த் தட்டினோம். ஒரு சீன மாணவி, நாலு நாள் காய்ச்சலோடு படுத்திருந்தாள். மேசையில் பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு ஃபிளாஸ்க்கும். நடக்கிற தூரத்தில் மருத்துவர் பார்க்கும் மாணவர் மருந்தகம் இருந்தது. அதன் நேரத்தை அறிவிப்புப் பலகையில் நான்தான் என் கையால் ஒட்டியிருந்தேன். அவள் சொன்ன காரணம் இது: சீனாவில் சாதாரணக் காய்ச்சலுக்கும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு எடுப்பார்களாம். இங்கே ஆஸ்பத்திரி என்றால் நிறையச் செலவாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மருந்தகம் என்ற பலகையைப் பார்த்தபோது அது மாத்திரை விற்கும் கடை என்று நினைத்துவிட்டாள். கேட்டிருக்கலாமே என்றேன். "யாரைக் கேட்பது?" என்றாள். குறை சொல்லும் தொனியே இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். அந்த முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து நான் பலகையை நம்புவதை விட்டுவிட்டேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? "ஏதாவது" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். ஒரு நாளும் ஒரு நேரமும் சொல்லுங்கள். "புதன்கிழமை ஏழரைக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம், நீ வந்து தட்டு எடுத்து வை." தட்டு எடுத்து வைக்கும் வேலை முக்கியம். கையில் வேலை இருக்கிறவள் விருந்தாளி இல்லை. அவளுக்குக் கூச்சம் பாதி குறைந்துவிடும். வாயால் சொன்னதையே கைப்பேசியில் எழுதியும் அனுப்புங்கள். நாம் பேசுகிற வேகத்தில் பிடிக்க முடியாததை அவள் நிதானமாகப் படித்துக்கொள்வாள். முதல் புதன் பூயோங் என்று பதில் வரலாம். அடுத்த வாரமும் அனுப்புங்கள். செங்டு என்றால் சிச்சுவான் மாநிலம், மிளகாயும் நாக்கை மரத்துப்போக வைக்கும் ஒரு வகை மிளகும் போட்டுச் சமைக்கிற ஊர். உங்கள் மிளகுக் கோழிக்கு அவள் பயப்பட மாட்டாள்.

வெந்நீரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது ஒதுங்கிப் போகிற குணம் இல்லை, பழக்கம். எந்த வெயிலிலும் சூடான தண்ணீர்தான் குடிப்பார்கள், பச்சைத் தண்ணீர் வயிற்றுக்கு ஆகாது என்பார்கள். அங்கே பல கல்லூரி விடுதிகளில் வெந்நீர் பிடிக்கிற இடம் தனியாக இருக்கும். வாசலில் வரிசையாக ஃபிளாஸ்க்குகள் நிற்கும். நம் பாட்டிகள் சுக்குத் தண்ணீர் கொடுத்து வளர்த்த மாதிரிதான். ஒரு சின்ன மின்கெண்டியை அவள் அறையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் சமையலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள் என்றும் ஒரு முறை பாருங்கள். "சமைக்கக் கூடாது" என்று இருந்தால், வாரம் இரண்டு நாளாவது அடுப்பைக் கொடுங்கள். தன் ஊர்க் குழம்பின் வாசனை ஒரு தடவை அந்த வீட்டில் எழுந்துவிட்டால் அவள் கதவு தானாகத் திறந்திருக்கும்.

அப்புறம் அவள் பெயர். கடிதத்தில் "அந்தப் பெண்" என்றே எழுதியிருக்கிறீர்கள். பெயரைச் சொல்ல வராததால்தான் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் எக்ஸ், கியூ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் படித்தால் யாருக்கும் வராது. எழுத்தை மூடிவிட்டு அவளையே மூன்று முறை சொல்லச் சொல்லி, காதில் விழுவதைத் தமிழில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். ஷவும் ஸவும் இருக்கிற நம் எழுத்தில் ஓரளவு நன்றாகவே வரும். குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்பதையும் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, வாழ்நாளெல்லாம் அப்பா பெயரால் கூப்பிடப்படுகிற நமக்கு இந்த வலி தெரியாதா?

அவள் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் தெரியுமா? "ஆயி" என்பாள். சீனத்தில் அம்மா வயதுப் பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதன்முதலில் ஒரு பிள்ளை விடுதி வராந்தாவில் என்னை அப்படிக் கூப்பிட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அப்பா தன் அம்மாவைக் கூப்பிட்ட சொல் அது.

அவள் பெற்றோர் வந்து பார்க்க விரும்பினால் விசா தேவையில்லை என்பதையும் சொல்லி வையுங்கள். 2024 பிப்ரவரி 9இலிருந்து சாதாரணக் கடப்பிதழ் வைத்திருக்கும் சீன நாட்டவர் 30 நாள் வரை இங்கே விசா இல்லாமல் தங்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் நீங்கள் சொன்னால், "உன் அம்மா இந்த வீட்டுக்கு வரலாம்" என்று சொன்னதாக அவள் எடுத்துக்கொள்வாள்.

கேள்வி: வணக்கம் ஆண்ட்டி. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. குழு வேலையில் ஐந்து பேர். இரண்டு பேர் சீனாவிலிருந்து வந்தவர்கள், இரண்டு பேர் உள்ளூர்ச் சீனர்கள், நான் ஒருவன்தான் தமிழ். சீனாக்காரர்கள் கூட்டத்தில் வாயே திறப்பதில்லை. டெலிகிராமில் கேட்டால் "ஓகே" மட்டும். கடைசியில் நாலு பேரும் மாண்டரினில் பேசிக்கொள்கிறார்கள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கோபமாக வருகிறது. (மாணவர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: தம்பி, கோபம் வருவது நியாயம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேர் உட்கார்ந்த மேசையில் நாலு பேருக்கு மட்டும் புரிகிற மொழியில் முடிவு எடுப்பது சரியில்லை. யார் எந்த ஊரிலிருந்து வந்தாலும் அது சரியில்லை. இதை நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், அந்த நிமிடத்திலேயே சொல்ல வேண்டும். "எனக்குப் புரியவில்லை, முடிவை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்." இதை முதலில் உள்ளூர் நண்பர்கள் இருவரிடம் சொல். சீனாவிலிருந்து வந்தவர்கள் அவசரத்துக்குத் தாய்மொழியைப் பிடித்துக்கொள்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள். பாலம் போட வேண்டியது அவர்கள் பொறுப்பு.

இப்போது அவர்கள் வாய் திறக்காத விஷயம். அவர்கள் எழுதி வந்த பரீட்சையை நினைத்துப் பார். கவ்காவ் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு, ஒவ்வொரு ஜூன் மாதமும் 7ஆம் தேதி தொடங்கும். பெரும்பாலான மாநிலங்களில் மொத்தம் 750 மதிப்பெண். 2024இல் 13 மில்லியனுக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள். இந்த நாட்டு மக்கள்தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தத் தேர்வுக்குப் பல வருடம் தயாரான பிள்ளை கற்றுக்கொண்டது, தெரிந்தால் சரியாகச் சொல், தெரியாவிட்டால் பேசாதே என்பதுதான். இங்கே டியூட்டோரியலில் அரைகுறையாகத் தோன்றுவதைச் சொன்னாலும் பங்கேற்பு மதிப்பெண் உண்டு. ஒரே மாதத்தில் அந்தப் பழக்கத்தைப் புரட்டிப்போட யாராலும் முடியாது.

மொழியும் இருக்கிறது. அவர்கள் ஆங்கில இலக்கணத்தில் உன்னையும் என்னையும் விடத் திருத்தமாக இருப்பார்கள். ஆனால் அவர்கள் கேட்டுப் பழகிய ஒலிநாடாவில் "கேன் லா", "டோன்ட் வான்ட் ஆ", "ஹவ் கேன்" எல்லாம் கிடையாது. நீங்கள் மூன்று பேர் சிங்லிஷில், அதாவது நம் ஊர்ப் பேச்சு ஆங்கிலத்தில், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசும்போது, ஒரு வாக்கியத்தை மனசுக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த தலைப்புக்குப் போயிருக்கும். அதனால்தான் அந்த "ஓகே". புரிந்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை. உன் செய்தி வந்து சேர்ந்தது என்றுதான் அர்த்தம்.

எனக்குத் தெரிந்த மாணவர் குழு ஒன்றில் ஒரு பெண் இப்படிச் செய்தாள், நன்றாக வேலை செய்தது. கூட்டத்துக்கு முதல் நாள் இரவே மூன்று கேள்விகளை எழுதி அனுப்பிவிடுவாள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒருவர் பெயர். மறுநாள் அந்த வரிசையிலேயே பேசுவார்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம், நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. முதல் வாரம் அந்தச் சீன மாணவன் தாளைப் பார்த்துப் படித்தான். மூன்றாம் வாரம் தாளை மடித்து வைத்துவிட்டுப் பேசினான். அவர்கள் கணக்கில் இருந்த பெரிய பிழை ஒன்றைக் கண்டுபிடித்தவனே அவன்தானாம். முதல் வாரமே அது அவனுக்குத் தெரியும். யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

டெலிகிராமையும் யோசித்துப் பார். அங்கே கூகலும் வாட்ஸ்அப்பும் டெலிகிராமும் தடை செய்யப்பட்டவை. அவர்களுக்குப் பேச்சு, பணம், வகுப்பறிவிப்பு எல்லாமே வீசாட் என்ற செயலிதான். இங்கே வந்து இறங்கிய வாரத்தில் எல்லாவற்றையும் புதிதாகத் தரவிறக்கிக் கற்றுக்கொள்கிறார்கள். உன் செய்தி அறிவிப்பே வராத ஏதோ ஒரு மூலையில் கிடக்கலாம். நேரில் பார்க்கும்போது அவன் கைப்பேசியை வாங்கி, அறிவிப்பு வருகிறதா என்று இரண்டு பேருமாகப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

கட்டுரையில் மேற்கோள் போடும் முறையை உங்கள் ஐந்து பேரில் யாராவது ஒருவர் அவர்களோடு உட்கார்ந்து காட்டுங்கள். பெரியவர்கள் எழுதியதை அப்படியே எடுத்தாள்வது மரியாதை என்று நினைத்து எழுதிவிட்டு, திருட்டு என்ற குற்றச்சாட்டோடு அழுதுகொண்டு நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் செய்தால் குழு முழுவதும் மாட்டும்.

கேள்வி: என் சாப்பாட்டுக் கடையில் சீன மாணவர் ஒருவர் பகுதிநேர வேலை கேட்கிறார். கொடுக்கலாமா? (கடைக்காரர், தேக்கா)

பதில்: அவர் எங்கே படிக்கிறார் என்பதைப் பொறுத்தது. மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள கல்வி நிலையத்தில், மாணவர் அனுமதி அட்டையுடன் முழுநேரமாகப் படிப்பவர் என்றால், பருவ நாட்களில் வாரம் 16 மணி நேரம் வரை வேலை செய்யலாம், விடுமுறையில் முழுநேரமும் செய்யலாம். தனியார் பள்ளிகள் பலவற்றின் மாணவர்களுக்கு இது கிடையாது. அட்டையைப் பாருங்கள், அமைச்சின் இணையப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் பரிதாபப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பிடிபட்டால் போவது அவருடைய படிப்பு.

கேள்வி: மகனின் விடுதி அறைத்தோழனைத் தீபாவளிக்குக் கூப்பிட ஆசை. என்ன கொடுக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும்? (ஒரு தாய், செங்காங்)

பதில்: கட்டாயம் கூப்பிடுங்கள். தீபாவளி பல வருடங்களில் நவம்பர் தேர்வுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அதனால் மதியச் சாப்பாட்டோடு அனுப்பிவிடுங்கள். கடிகாரம் பரிசாகக் கொடுக்காதீர்கள். கடிகாரம் கொடுப்பது என்று சீனத்தில் சொன்னால், இறந்தவரை வழியனுப்புவது என்பதைப் போலவே ஒலிக்கும். அன்பளிப்பு உறை வெள்ளை நிறத்தில் வேண்டாம். முறுக்கு டப்பா போதும், இரண்டு கையாலும் கொடுங்கள். அவனும் பழக்கூடையோடுதான் வருவான், பூயோங் சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். இலை போட்டால் பக்கத்தில் ஒரு கரண்டியும் வையுங்கள். ஆனால் கையால் சாப்பிடுவது எப்படி என்று உங்கள் மகனைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அவன் வீட்டுக்குச் சொல்லும் கதை அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் சீன மாணவர் மூன்று நாளாக வகுப்புக்குப் போகவில்லை. அறைக்குள்ளேயே யாரிடமோ வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டே இருக்கிறார். சாப்பாடு இல்லை. நேற்று இரவு வந்து இரண்டாயிரம் வெள்ளி கடன் கேட்டார், கை நடுங்கியது. என்ன என்று கேட்டால் "குடும்ப விஷயம்" என்கிறார். (வாசகர், புக்கிட் பாத்தோக்)

பதில்: அண்ணன், உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே ஆசிரியர் குழு வழியாக உங்களைத் தொலைபேசியில் பிடித்துவிட்டேன், பிள்ளை இப்போது பத்திரமாக இருக்கிறான். மற்றவர்கள் தெரிந்துகொள்ளவே இங்கே எழுதுகிறேன்.

வங்கி, தொலைபேசி நிறுவனம், அமைச்சு என்று ஏதோ ஒரு பெயரில் அழைப்பு வரும். உன் எண்ணை வைத்துக் குற்றம் நடந்திருக்கிறது என்பார்கள். பிறகு சீனப் போலீஸ் என்று ஒருவரிடம் மாற்றிவிடுவார்கள். வீடியோவில் சீருடை தெரியும், பிள்ளையின் படம் போட்ட கைது ஆணையும் காட்டுவார்கள். யாரிடமும் சொல்லாதே, சொன்னால் அவர்களும் சிக்குவார்கள், தினமும் இத்தனை முறை எங்களுக்குத் தகவல் கொடு என்பார்கள். அதற்குப் பிறகு ஜாமீன் என்ற பெயரில் பணம். சில பிள்ளைகளைக் கட்டிப்போட்டது போலப் படம் எடுக்கவைத்து, அதைப் பெற்றோருக்கு அனுப்பிக் கடத்திவிட்டோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூர்க் காவல்துறை இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. எந்த வெளிநாட்டுப் போலீசுக்கும் இங்கே வந்து விசாரிக்கவோ பணம் கேட்கவோ அதிகாரம் கிடையாது.

படித்த பிள்ளை எப்படி ஏமாறுகிறது என்று கேட்காதீர்கள். சீனத்தில் ஐந்து எழுத்தில் ஒரு சொல்வழக்கு உண்டு: மகிழ்ச்சியைச் சொல், கவலையைச் சொல்லாதே. வெளியூர் போன பிள்ளை வீட்டுக்கு எப்படிப் பேச வேண்டும் என்பதற்கான வழக்கு அது. அந்த மூன்று நாளும் அவன் தன் அம்மாவிடம் "நன்றாகச் சாப்பிட்டேன்" என்றுதான் சொல்லியிருப்பான். யாரிடமும் சொல்லாதே என்று மோசக்காரன் சொல்வதும், கவலையை வீட்டுக்குச் சொல்லாதே என்று ஊர் சொல்லிக்கொடுத்ததும் அவன் காதில் ஒரே குரலாகக் கேட்கும்.

கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், பயந்துபோய் வெளியே ஓடிவிடுவான். பக்கத்தில் உட்காருங்கள். அழைப்பு ஓடிக்கொண்டிருந்தால் ஒரு தாளில் 1799 என்று எழுதிக் காட்டுங்கள், மோசடி பற்றிக் கேட்பதற்கான எண் அது. மாண்டரின் பேசும் பக்கத்து வீட்டு ஆண்ட்டியைக் கூப்பிடுங்கள். அவன் மொழியில் ஒரு பெரியவர் "இது பொய்" என்று சொன்னால் பாதி கட்டு அவிழ்ந்துவிடும். பணம் போயிருந்தால் முதலில் வங்கியின் அவசர எண், அடுத்து பேட்டைக் காவல் நிலையம், கூடவே போங்கள். ஆளைக் காணவில்லை என்றாலோ உயிருக்கு ஆபத்து என்று தோன்றினாலோ 999. கடனாக ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள், அது அவன் கையில் நிற்காது.

இரண்டாயிரம் வெள்ளி கேட்டு வந்து நின்றானே, அதுதான் அவனால் சொல்ல முடிந்த ஒரே வழி. நடுங்கிய கையை நீங்கள் கவனித்தீர்கள்.

கேள்வி: இங்கே முக்கால்வாசிப் பேர் சீனர்கள். சீனாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது? நம் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி எழுதலாமே. (வாசகர், ஈசூன்)

பதில்: நம் பிள்ளைகளைப் பற்றியும் எழுதுவேன். உங்கள் முதல் கேள்வியைத்தான் விடுதியில் என் மேலதிகாரி ஒருவரும் கேட்டார், அதனால் சீனப் பிள்ளைகளுக்கு என்று தனியாக எதுவும் தேவையில்லை என்று பல வருடம் விட்டுவிட்டோம்.

ஐயா, தஞ்சாவூரிலிருந்து புதிதாக வந்த ஒருவரை தேக்காவில் பார்க்கிறோம். நம் முகம், நம் மொழி. ஆனால் வாய் திறந்த இரண்டாவது நிமிடத்தில் "ஊர்க்காரர்" என்று தெரிந்துவிடுகிறது. நாம் பசார் என்றால் அவர் சந்தை என்கிறார், நாம் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) சொல்லும்போது அவர் விழிக்கிறார். அதுவேதான் அங்கேயும். டாக்சியை இங்கே சீனர்கள் "தெஷி" என்பார்கள், சீனாவில் அந்தச் சொல்லே கிடையாது. சந்தைக்கு நம்மைப் போலவே மலாயிலிருந்து வாங்கிய சொல் "பாசா". உள்ளூர்ச் சீன இளைஞர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் அதிகம் பேசிக்கொள்கிறார்கள். வேறு முகத்தோடு வந்தவனுக்கு இந்த ஊர் வழிகாட்டும். ஒரே முகத்தோடு வந்தவனிடம், இதுகூடத் தெரியாதா என்று கேட்கும். கடைக்காரர் கேட்டாலும் வகுப்புத்தோழன் கேட்டாலும் அந்தக் கேள்வி வலிக்கும்.

சீனப் புத்தாண்டு வரும்போது அவர்களுக்கு ஊரில் பல்கலைக்கழகக் குளிர்கால விடுமுறை, நாடே ரயில் ஏறி வீட்டுக்குப் போகும். இங்கே இரண்டு நாள் விடுமுறை, அதற்கு மறுநாள் வகுப்பு. உள்ளூர்ப் பிள்ளைகள் முந்திய நாள் மதியமே வீட்டுக்குப் போய்விடுவார்கள், உணவுக் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவை இறக்கிவிடும்.

ஒரு வருடம் அந்த இரவில் எனக்கு விடுதியில் பணி. மூன்றாம் மாடிச் சமையலறையில் வெளிச்சம் தெரிந்தது, போய்ப் பார்த்தேன். ஷான்டோங்கிலிருந்து வந்த முதலாண்டுப் பையன் ஒருவன், மேசை முழுக்க மாவு. கொழுக்கட்டை மாதிரி ஜியாவ்ஸி செய்துகொண்டிருந்தான். உருட்டுக்கட்டை இல்லை, சோயா சாஸ் புட்டியைக் கழுவி அதால் உருட்டினான். ஓரங்கள் தடித்தும் நடு மெலிந்தும் வந்தது. கைப்பேசியை அரிசிப் பானையில் சாய்த்து வைத்திருந்தான், அதில் அவன் பாட்டி. சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் ஒரே நேரம்தான், அங்கேயும் எட்டு மணி. பாட்டிக்குப் பின்னால் தொலைக்காட்சியில் வருடா வருடம் எட்டு மணிக்குத் தொடங்கும் புத்தாண்டு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. "எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று பாட்டி கேட்டிருக்க வேண்டும். அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் கைப்பேசியை என் பக்கம் திருப்பி, "ஆயி" என்று அறிமுகம் செய்தான். பாட்டி ஏதோ நிறையப் பேசினார், எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடு மெலிந்திருக்கிறது, ஓரத்தை மெலிதாக்கு என்று சொல்கிறார் என்றான் பையன். நான் கை கழுவிக்கொண்டு வந்து, நம் வீட்டில் சோமாசிக்கு மாவு திரட்டுகிற மாதிரி ஒன்றைத் திரட்டிக் காட்டினேன். பாட்டி கையைத் தட்டினார்.

மொத்தம் நாற்பத்தொன்று வந்தது. இரண்டு பேரால் சாப்பிட முடியாது. அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு மற்ற மாடிகளில் விளக்கு எரியும் அறைகளைத் தேடிப் போனான், நான் பின்னாலேயே வினிகர்க் கிண்ணத்தோடு போனேன். ஒன்பது கதவு திறந்தது.